அதே லாட் மஞ்சள்

செக்கிங் டேபிளில் குவித்திருந்த மஞ்சள் பனியன்களின் மேல் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. நதியா கையிலிருந்த பீஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். சத்தம் போடவில்லை. போட்டால் யாராவது அட்டையை எடுத்துக்கொண்டு அடிக்க ஓடி வருவார்கள். அடிக்குத் தப்பிய தேனீ அடுத்து எங்கே போய் உட்காரும் என்று யாரும் சொல்ல முடியாது.

தேனீ ஒரு குழந்தைப் பனியனின் கழுத்துப் பட்டி வழியாக நடந்தது. நின்றது. வந்த வழியே திரும்பியது. வைத்த பொருளைத் தேடுவது போலிருந்தது. பிறகு எழும்பி, திறந்திருந்த ஷட்டர் வழியாக வெளியே போய்விட்டது.

"போயிருச்சு. வந்து நில்லு, பீஸ் சேருது" என்றாள் பக்கத்து டேபிள் வெள்ளையம்மாள்.

"இன்னும் வரும்க்கா. டீ நேரமாச்சுல்லா" என்றாள் நதியா.

சொன்னபடியே வந்தன.

போன ஐப்பசியில் கை கழுவும் குழாயடியில் நதியாவின் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. மற்றவர்களுக்குச் சுண்ணாம்பு தடவினால் தீர்ந்துபோகிற விஷயம். அவளுக்கு உதடு தடித்து, கண் மூடி, தொண்டை அடைத்துக்கொண்டது. கட்டிங் மாஸ்டர் ஜெயபாண்டி அவளைத் தன் வண்டியில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்து எழுந்ததும் டாக்டர் சொன்னது இதுதான்: "உங்க உடம்பு இந்த விஷத்தை ஞாபகம் வச்சுக்கிச்சு. அடுத்த தடவை இதைவிட வேகமா வரும். கொட்டவிடாம பாத்துக்கங்க."

அதற்குப் பிறகு ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தார்கள். ஷட்டருக்கு அடிக்க முடியாது. தள்ளுவண்டிகள் போய் வர வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே காற்று வர வேறு வழியும் இல்லை. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் சோதனைக்கு வரும்போது, ஆபத்துக்கு வெளியேறும் அந்த வழி திறந்திருக்க வேண்டும். மார்கழி, தை இரண்டு மாதமும் தேனீத் தொந்தரவு இல்லாமல் கழிந்தது. மாசி பிறந்து, இந்த மஞ்சள் ஆர்டர் செக்கிங்குக்கு வர ஆரம்பித்ததும் தேனீக்கள் உள்ளே வந்தன. முன்பு கறுப்பும் சாம்பலும் ஓடிய நாட்களில் அவை இந்தப் பக்கம் திரும்பியதில்லை.

ஹாலின் கோடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் கலைமகள். கம்பெனியில் குவாலிட்டி அவள் பொறுப்பு. அந்த அறையில்தான் நீடில் டிடெக்டர் இருந்தது. உடைந்த ஊசித் துண்டு ஏதாவது துணியில் தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு பீஸும் அந்த மெஷினுக்குள் போய் வந்த பிறகுதான் அட்டைப்பெட்டிக்குப் போகும். மெஷினுக்காக ஏசி உண்டு. கதவு எப்போதும் சாத்தியிருக்கும். பொறுப்பாளரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது.

அன்று மதியம் முதலாளி செந்தில்வேல் கலைமகளைக் கூப்பிட்டார். மேஜைக்கு எதிரே நதியாவும் நின்றிருந்தாள்.

"ஏனுங்க கலைமகள், இந்தப் புள்ளைய இங்க வெச்சுட்டு எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதுங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

"தெரியுதுங்கண்ணா."

"சோமனூர் ரோட்டுல துணி பின்னற நம்ம நிட்டிங் ஷெட்டு இருக்குதல்ல. அங்க ரோல் செக்கிங்குக்கு ஆள் வேணும். ஷெட்டு பூராவும் மூடாக்கு. ஒரு பூச்சி உள்ள வராது. ஆர்டர் முடியற வரைக்கும் அங்க இருக்கட்டும்."

"பகல் ஷிப்டாங்கண்ணா?"

செந்தில்வேல் மேஜையைப் பார்த்தார். "நைட்டுதான் காலி இருக்குதுங்க."

நதியா ஒரு அடி முன்னால் வந்தாள். "நைட்டு வரமுடியாது சார்" என்றாள். "எம் மவ ஜோதிகா மூணாப்புதான் படிக்கா. ஸ்கூலு விட்டதும் பக்கத்து ரூம்ல இருப்பா, நான் போயிதான் கூட்டிக்கிடுவேன். ராத்திரி பூரா யாரு வச்சுப் பாப்பா? அவ அப்பா கேரளாவுக்குப் போனவரு, எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது."

"அதுக்கு நான் என்ன கண்ணு பண்ணட்டும்?" அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் நதியாவுக்குப் பயமாக இருந்தது. கோபம் என்றால் இரண்டு நாளில் தணியும். "இந்த வாரம் பாக்கறேன். திங்கக்கெழமையும் இப்படியே இருந்தா நிட்டிங்குக்குப் போயிரு. இல்லீன்னா வேற எடம் பாத்துக்கோ. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வெளியே வந்ததும் நதியா கேட்டாள்: "நீங்களும் இதான் சொல்லுதீங்களாக்கா?"

"திங்கட்கிழமை வரைக்கும் நேரம் இருக்குதல்ல. நான் பாக்கறேன்" என்றாள் கலைமகள்.

*

தேனீக்கள் யாருடையவை என்பது எல்லோருக்கும் தெரியும். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மாரப்பனின் தென்னந்தோப்பு. அங்கே மரத்துக்கு மரம் தேன்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வண்ணம் பூசியிருந்தார். கலைமகள் போனபோது அவர் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார்.

"வாங்கம்மிணி. நானே வரோணும்னு இருந்தேன். உங்க கம்பெனில என்ற தேனீயக் கொல்றதுக்குன்னே டீ குடிக்கிறீங்களா?"

அவர் ஒரு பேப்பர் கப்பை நீட்டினார். அடியில் ஒட்டியிருந்த டீயில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. கம்பெனிக்கு டீ அனுப்பும் பேக்கரிக்காரர் பெயரை மாம்பழ மஞ்சளில் அச்சடித்த கப். தீபாவளிக்குப் பிறகு பேக்கரிக்காரர் மாற்றிய கப்புகள். கம்பெனியில் காலையும் மாலையும் டீ கேன் வரும். குடித்துவிட்டு எல்லோரும் கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் டிரம்மில் வீசுவார்கள்.

"இந்த வருசம் மழையில்லீங்க. பூவே இல்ல. தென்னம்பாளைய மட்டும் நம்பி அதுக என்ன பண்ணும்? சீனி எங்க கெடைக்குதோ அங்க போகுது. போறதுல பாதி உங்க கப்புல முழுகிச் சாவுது."

கலைமகள் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிறத்தின் ஷேட் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவளுக்குக் கைவந்த பழக்கம். கப்பின் மஞ்சளும் பனியனின் மஞ்சளும் ஒன்றல்ல. ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை.

"பெட்டிய இந்தச் சுவத்தோரம் இருந்து அந்தக் கோடிக்கு மாத்தி வெக்க முடியுங்களாண்ணா?"

மாரப்பன் சிரித்தார். "வெச்சா, மேய்ச்சலுக்குப் போனது பூராவும் பழைய எடத்துக்கே வந்து நின்னு சுத்தும். அதுக மனசுல எடம் பதிஞ்சுபோச்சு. ரொம்பத் தூரம் கொண்டு போகோணும். காங்கயத்துப் பக்கம் எள்ளுக்காட்டுல எடம் சொல்லி வெச்சிருக்கறனுங்க. அது பூக்கறதுக்குப் பங்குனி ஆயிரும்."

"பங்குனி வரைக்கும் தாங்காதுங்க."

"எனக்கென்னங்க பண்ணத் தெரியும்? உங்க டிரம்ம மூடுங்க."

டிரம்மை மூடுவது சுலபம். ஆனால் தேனீக்கள் இப்போது தேடுவது டிரம்மை மட்டுமல்ல என்று கலைமகளுக்குத் தோன்றியது. இருபது வருஷத்துக்கு முன் அவள் படித்தது விலங்கியல். படித்து முடித்து இரண்டு வருஷம் வேலை தேடிவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்தவள். ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. வண்ண அட்டைகளைப் பரப்பி, ஒரு வண்ணத்தின் மேல் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால், சில தடவை வந்து போன பிறகு தேனீக்கள் அந்த வண்ணத்தைத் தேடி வரும். சர்க்கரையே இல்லாவிட்டாலும் வரும். எந்த நேரத்தில் வைத்தோமோ அந்த நேரத்துக்கே வரும். அந்தப் பாடம் இப்போது தன் ஹாலுக்குள் நடந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்தாள். அதில் தவறில்லை. அதற்கடுத்து நினைத்ததில்தான் தவறு.

சர்க்கரையும் மஞ்சளும் சேர்ந்து ஹாலுக்கு எதிர்த் திசையில், தோப்பின் கோடியில் கிடைத்தால் தேனீக்கள் அங்கே போய்விடும் அல்லவா?

மாரப்பனுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. "சீனி உங்களுது, எடம் என்னுது" என்று ஒத்துக்கொண்டார்.

*

கலைமகள் கட்டிங் செக்ஷனுக்குப் போய் ஒரு மஞ்சள் துண்டு கேட்டாள். எதற்கு என்று சொன்னதும் ஜெயபாண்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. உசிலம்பட்டிக்காரர், எந்த வேலையிலும் ஒரு வேடிக்கை இருந்தால் முதல் ஆளாக வருவார்.

"தேனீக்குத் தட்டு போட்டு விருந்தா? போடுங்க, போடுங்க. அவிங்களும் நம்ம ஆளுதான." மூலையில் கிடந்த வேஸ்ட் மூட்டையிலிருந்து அவள் ஒரு துண்டை இழுக்க, அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "அது பழைய லாட்டு. ஷேட் அடிக்கும். நீங்களே குவாலிட்டி, உங்களுக்கு நான் சொல்லணுமா? இந்தா, இப்ப டேபிள்ல ஓடுறது. அதே லாட்டு. அச்சு அசலா இருக்கும்."

கலைமகள் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த பீஸோடு வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். ஒன்றாகச் சாயம் போட்ட லாட் மாறினால் ஷேட் மாறும், ஷேட் மாறினால் பீஸ் திரும்பி வரும். அந்த ஊரில் துணி தொடுகிற எல்லோருக்கும் இந்தப் பாடம் ரத்தத்தில் ஊறியது. இரண்டு மஞ்சள்களில் ஒத்துப்போகாததை எடுத்திருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை டிரம்முக்கு மூடி போட்டார்கள். டீக்கு எவர்சில்வர் டம்ளர் வந்தது. "ஐயோ, கல்யாண ஊடு மாதிரி இருக்குது" என்றாள் வெள்ளையம்மாள். தோப்பின் கோடியில் ஒரு கல்லின் மேல் மஞ்சள் துணி விரித்து, அதன் மேல் தட்டில் சர்க்கரைப் பாகு ஊற்றினாள் கலைமகள். தேனீக்கள் மூழ்காதிருக்கத் தேங்காய் நாரைப் பிய்த்து மிதக்கவிட்டார் மாரப்பன். காலை டீ நேரத்துக்கு ஒரு தடவை, மாலை டீ நேரத்துக்கு ஒரு தடவை. முதலில் ஒன்றிரண்டு வந்தன. மாலைக்குள் தட்டின் விளிம்பு தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலுக்குள் ஒன்றுகூட வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

சனிக்கிழமை மாலை நதியா கண்ணாடிக் கதவைத் தட்டி, தலையை மட்டும் நீட்டினாள். "டிரம்ம மூடுனதுல தீந்துபோச்சுக்கா. இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்."

"ஆமா" என்றாள் கலைமகள். தட்டைப் பற்றிச் சொல்லவில்லை. முழுதாகச் சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். தான் நதியாவுக்காகச் செய்கிற காரியம் என்பதால், அதை நதியாவிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. கலைமகள் ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மாரப்பன் ஒரு கல்யாணத்துக்கு. தட்டில் பாகு ஊற்ற யாரும் இல்லை. காலை டீ நேரத்தில் தேனீக்கள் வந்தன. காய்ந்த தட்டையும் மஞ்சள் துணியையும் சுற்றின. மாலை டீ நேரத்தில் மறுபடி வந்தன. ஞாயிறு என்று ஒன்று இருப்பதை அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பையர் ஆபீசிலிருந்து ஒரு போன் வந்தது. அளவு விஷயமாக நீண்ட பேச்சு. கலைமகள் போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோது டம்ளர்கள் ஹாலில் வலம் வந்துகொண்டிருந்தன. தோப்பில் தட்டு இன்னும் காய்ந்தேதான் கிடக்கும். அவள் பாகு பாட்டிலை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

ஒன்றிரண்டு அல்ல. ஷட்டர் வழியாக வந்துகொண்டே இருந்தன. டைலர்களைத் தாண்டி, அயர்ன் டேபிளில் அடுக்கியிருந்த வெள்ளை உள்பனியன்களைத் தாண்டி, நேராக மஞ்சள் குவியல்களில் இறங்கின. "மதுமக்கி! மதுமக்கி!" என்று இந்தியில் தேனீயின் பெயரைக் கத்தினான் ஒரிசாவிலிருந்து வந்த அயர்ன்காரன் ஒருவன். ஒருவர் அட்டையைத் தூக்கினார். ஜெயபாண்டி அதைப் பிடுங்கி எறிந்தார். "வீசாதீங்கடா! அடிச்சா கொட்டும். சும்மா நில்லுங்க!"

நதியாவின் இரண்டு கைகளும் ஒரு பனியனுக்குள் இருந்தன. பீஸை உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துணியின் மேல் இரண்டு தேனீக்கள் நடந்தன. ஒன்று அவள் மணிக்கட்டுக்கு வந்து, தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணிக்கே திரும்பியது.

"நதியா, கைய இழுக்காத" என்றாள் கலைமகள். "துணியோட சேத்துக் கீழ வை. மெதுவா. அதுக்கு உன்மேல ஒண்ணும் இல்ல. துணிதான் வேணும்."

"அக்கா…"

"வை. நான் இருக்கேன்ல."

நதியா துணியை வைத்தாள். ஒரு கையை வெளியே எடுத்தாள். சற்று நேரம் விட்டு மறு கையை. கலைமகள் அவள் தோளைத் தொட்டுப் பின்னோக்கி நடத்திக்கொண்டு போய், கண்ணாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஜெயபாண்டியும் வேறு இருவரும் போன ஆர்டரில் மீந்த கருநீலத் துணி ரோலை உருட்டிக்கொண்டு வந்து மஞ்சள் குவியல்களின் மேல் போர்த்தினார்கள். மஞ்சள் மறைந்ததும் தேனீக்கள் கொஞ்ச நேரம் குழம்பிப் பறந்தன. பிறகு கலைந்தன. அயர்ன்காரனுக்குக் காதில் ஒரு கொட்டு. அவன் சிரித்துக்கொண்டே சுண்ணாம்பு தேடிப் போனான்.

*

கண்ணாடி அறைக்குள் நதியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் சிவப்பு இல்லை.

"ரெண்டு நாளா ஒண்ணும் வரலியேக்கா. இன்னைக்கு எப்படி இம்புட்டு?"

கலைமகள் கையில் இன்னும் பாகு பாட்டில் இருந்தது. சொன்னாள். தோப்பு, தட்டு, துணி, அதே லாட், ஞாயிற்றுக்கிழமை. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே முழுதாக விளங்கியது. முன்பு அவற்றுக்குக் கப்பின் மஞ்சள் தெரியும். பனியனை ஒரு சந்தேகத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயின. இப்போது பனியனின் மஞ்சளையே அவள் கற்றுக்கொடுத்துவிட்டாள். சந்தேகமே இல்லாதபடி.

நதியா பாட்டிலைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?"

"உனக்காகத்தான்—"

"எனக்காகத்தான். சாரும் அதத்தான் சொல்லுதாரு. ஒன் நல்லதுக்குன்னு. எல்லாரும் எனக்காகவே செய்யுதீங்க. கையி என்னுதுல்லா துணிக்குள்ள இருந்துச்சு?"

கலைமகள் திரும்பி நின்றாள். கண்ணாடிக்கு வெளியே ஹால் தெரிந்தது. கருநீலத் துணி போர்த்திய டேபிள்கள், ஷட்டர், அதற்கப்பால் வெயில். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இத்தனை நாளும் நதியாவைப் பார்த்துக் கவலைப்பட்டாள். மூடிய கதவு, அடைத்த கண்ணாடி, ஒரு பூச்சி நுழைய இடமில்லாத அறை. தோப்பு வரைக்கும் போன யோசனை இந்த நாற்காலிக்கு வரவில்லை. இது அவளுடைய இடம் என்பதால் கண்ணில் படவில்லை.

செந்தில்வேல் வந்தார். நதியாவை ஒரு பார்வை பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கண்ணாடிக் கதவில் சாய்ந்துகொண்டார். "போதுங்க. இன்னைக்கு நைட்டே நிட்டிங்குக்குப் போகட்டும். இனி ஒரு பேச்சு வேண்டாம்."

"அண்ணா, நதியா இந்த ரூம்ல இருக்கட்டுங்க" என்றாள் கலைமகள். "நீடில் டிடெக்டர அவ பாக்கட்டும். அவ டேபிள்ல நான் நிக்கறேன்."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "ஏனுங்க, வெளையாடறீங்களா? பையர்கிட்டக் குடுத்திருக்கறது உங்க பேரு."

"பேர மாத்திக் குடுத்தரலாங்க. மெஷின் ஓட்ட நான் சொல்லித் தர்றேன். தெனமும் காலைல டெஸ்ட் பீஸ் போட்டுப் பாக்கறது மட்டும் நானே வந்து பண்றேன்."

"செக்கிங் டேபிள்ல குவாலிட்டி இன்சார்ஜ் நிப்பாங்களா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"தேனீய உள்ள கூட்டியாந்தது நானுங்கண்ணா. நதியா நிட்டிங்குக்குப் போனாலும் அதுக போகாது. மஞ்சப் பீஸ் இருக்கற வரைக்கும் வரும். ஒண்ணு பாலிபேக்குக்குள்ள மாட்டி, பெட்டில போயிருச்சுன்னா இன்ஸ்பெக்ஷன்ல மொத்த ஆர்டரும் நிக்கும். அத எப்படி ஒதுக்கறதுன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் அந்த டேபிள்ல நிக்கோணுங்க."

செந்தில்வேல் மீசையைத் தடவினார். ஆர்டர் என்ற சொல் அவரிடம் வேலை செய்தது. "ஆர்டர் முடியற வரைக்கும்" என்றார்.

"முடிஞ்ச பெறவு?" என்று கேட்டாள் நதியா. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "முடிஞ்சதும் மறுபடி என்னைய வெளிய தூக்கிப் போட்டுட்டு, அடுத்த மஞ்ச ஆர்டருக்கு நிட்டிங்குக்குப் போன்னு சொன்னா? நான் இந்த மெஷினப் படிச்சா இங்கனயேதான் இருப்பேன் சார். பகல்ல. அது சம்மதம்னா சொல்லுங்க, இப்பவே படிக்கேன்."

செந்தில்வேல் கலைமகளைப் பார்த்தார். அது அவள் விட்டுக்கொடுக்க வேண்டிய நாற்காலி. ஒரு மாதத்துக்கு எழுந்து நிற்பது வேறு, எழுந்தே போவது வேறு. கலைமகளுக்கு அந்த ஏசிக் குளிரும் தனி மேஜையும் பதினோரு வருஷப் பழக்கம். அவள் பாகு பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"சம்மதங்க" என்றாள்.

*

அன்று மாலையே அவள் தோப்புக்குப் போனாள். மஞ்சள் துணியைக் கல்லிலிருந்து உருவி எடுத்தாள்.

"வேற கலர் வெச்சு இத மறக்கடிக்க முடியுங்களாண்ணா?"

மாரப்பன் ஒரு பெட்டியின் மூடியைச் சரியாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வேற கலரும் கத்துக்கும். நீலம் வெச்சா நீலத்துக்கும் வரும். ஆனா மஞ்சள எட்டிப் பாக்காம இருக்காதுங்க. அதுக மறக்காது அம்மிணி. மேய்ச்சலுக்குப் போறது எல்லாம் கெழடு. கொஞ்ச நாள்ல றெக்க தேஞ்சு செத்துப்போகும். அதுக்கப்பறம் வர்றதுக்கு இந்த மஞ்ச தெரியாம இருந்தாப் போதும். நீங்க புதுசா ஏதும் சொல்லிக்குடுக்காம இருங்க, அது போதும்."

அவர் குத்திச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. தட்டு கல்லிலேயே இருந்தது, அடியில் துணி இல்லாமல். பூ வரும்வரை பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிறும் ஊற்றுவதாகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து கலைமகள் ஷட்டரை ஒட்டிய டேபிளில் நின்றாள். குவியலைக் கருநீலத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பீஸாக எடுத்துப் பார்த்தாள். டீ நேரத்தில் தேனீக்கள் வந்தன. அவள் கையை அசைக்காமல் காத்திருந்தாள். அவை தையல் வழியாக நடந்து, எங்கும் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போயின. முதல் நாட்களில் அவளுக்கு இரண்டு கொட்டு. வெள்ளையம்மாள் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "ஏசி ரூம விட்டுட்டு வந்து இந்தக் கொட்டு வாங்கோணும்னு உங்களுக்கு எழுதியிருக்குதுங்க" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். முன்பெல்லாம் அவள் முன்னால் சிரிக்க மாட்டார்கள்.

வேலை எளிதாக இல்லை. பத்து மணி நேரம் நின்று கால் வீங்கியது. பீஸ் சேர்ந்துகொண்டே போனது. கண்ணாடிக்கு உள்ளே நதியா முதல் வாரம் மெஷின் ஒவ்வொரு தடவை பீப் அடிக்கும்போதும் எழுந்து நின்றாள். இரண்டாம் வாரம் உட்கார்ந்தபடியே பெல்ட்டைப் பின்னால் ஓட்டி, பீஸைப் பிரித்து எடுத்தாள். மாலையில் தேனீக்கள் அடங்கிய பிறகு பை எடுத்துக்கொண்டு ஜோதிகாவைக் கூட்டிப் போக நேரத்துக்குக் கிளம்பினாள். கலைமகளிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். கலைமகள் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

வரும் தேனீக்கள் குறைந்தன. ஒரு கட்டத்தில் ஒன்றே ஒன்று மட்டும் வந்துகொண்டிருந்தது. அதன் இறக்கைகளின் ஓரம் கிழிந்து பிசிறாகியிருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அது வரும், கழுத்துப் பட்டியில் நடக்கும், வெறுங்கையோடு போகும். இவள் கல்லின் மேல் விரித்த துணியை நம்பித்தான் அது இன்னும் வந்துகொண்டிருந்தது. கற்றுக்கொடுக்க ஒரு தட்டுச் சர்க்கரையும் மூன்று நாளும் போதுமாக இருந்தன. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளிடம் எந்த வழியும் இல்லை. அது வரும்போது அவள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒருநாள் அதுவும் வரவில்லை. காலை டீ போயிற்று. மாலை டீயும் போயிற்று. அடுத்த நாளும் அப்படியே. கலைமகள் கருநீலத் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மஞ்சள் பீஸ்களைத் திறந்த வெளிச்சத்தில் பரப்பினாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. நதியா நிலைப்படியில் நின்றாள். வெகு நாட்களுக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில், கண்ணாடி குறுக்கே இல்லாமல், அந்த ஷட்டரையும், வெயிலில் கிடந்த மஞ்சளையும் பார்த்தாள்.

"இன்னைக்கும் வரலியாக்கா?"

"வரல. ரெண்டு நாளாச்சு. இனிமே வராது. வெளிய வந்து பாரு."

நதியா ஒரு காலைத் தூக்கினாள். ஹாலின் தரையில் வைக்கவில்லை. தூக்கிய காலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

கதவைச் சாத்திக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.